ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா

பொருளீட்டுதல் பலர்க்கும் கைவருவதொன்று. ஈட்டிய பொருள் தம் காலத்திற்குப் பின்னும் பெருகிப் பயன்தருமாறு அதனை ஒரு நல்வழியிற் செலவிடுதல் சிலர்க்கே வாய்ப்பது. கோயிலும் குளமும் சத்திரமும் அமைத்த செல்வர் நம் நாட்டில் எண்ணிறந்தோர். ஆனால், கற்றுத் தேர்ந்த இளைஞன் ஒருவன் வயிற்றுக் கவலையின்றி நாலைந்து ஆண்டுகள் ஒரே வினாவை ஆராய்ந்துகொண்டிருப்பதற்கு வேண்டிய பொருளை வைத்துச் சென்ற செல்வர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவர் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா. நாட்டிற்கு எஃகு உலையைத் தேடிய அதே மனிதர், எஃகை ஆராய்தற்குரிய கல்விக்கும் வழி தேடினார் என்பதே அவர் வரலாற்றின் சிறப்பு.

இவ்வரலாறு நம் பகுதி மாணவர்க்கு மிகவும் பொருத்தமுடையது. சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்து வாழும் நாம் இரும்பின் ஓசைக்கிடையே வாழ்கின்றவர்கள். அம்பத்தூரில் 1949-ல் தோன்றிய சைக்கிள் தொழிற்சாலையும், 1960-களில் எழுந்த தொழிற்பேட்டையும், ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்கிகளைச் செய்யத் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையும் இப்பகுதியின் முகத்தையே மாற்றிவிட்டன. கடைசல் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் தகடுகளை அழுத்தி உருவாக்கும் பிரஸ் கூடங்களும் இங்கே தெருத்தோறும் உள்ளன.

இக்கூடங்களில் நாள்தோறும் எழும் வினாக்கள் எளியன போலத் தோன்றும். அச்சில் வைத்து வளைத்த தகடு, அழுத்தம் நீங்கியதும் சிறிது பின்வாங்கிவிடுகிறது. எவ்வளவு பின்வாங்கும் என்று முன்னரே கணிப்பது எங்ஙனம்? தாங்கக்கூடிய சுமையையே சுமந்துவந்த அச்சாணி பல இலட்சம் முறை சுழன்றபின் ஒரு நாள் திடீரென்று முறிவது ஏன்? ஒரே கலவையுடைய இரண்டு எஃகுத் துண்டுகளில், விரைவாகக் குளிர்ந்தது கடினமாயும் மெல்லக் குளிர்ந்தது மென்மையாயும் இருப்பதன் காரணம் யாது? அனுபவமுள்ள தொழிலாளி கைப்பழக்கத்தால் இவற்றைச் சமாளிக்கிறான். காரணத்தைக் கண்டு, கணக்கிட்டு, பிறர்க்கும் பயன்படும் விதியாக வகுப்பதற்கோ உலோக சாஸ்திரமும், திடப்பொருள்கள் விசையைத் தாங்கும் வகையை ஆராயும் சாஸ்திரமும் வேண்டும். அவற்றில் ஒரு சிறு வினாவிற்கு விடைகாணவே ஒருவன் வாழ்நாளிற் சில ஆண்டுகளைக் கொடுக்கவேண்டும். அவ்வாண்டுகளில் அவனுக்குச் சோறிடுவோர் யார் என்பதே டாட்டா தம் காலத்தில் எடுத்துக்கொண்ட வினா.

பிறப்பும் கல்வியும்

டாட்டா 1839-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ந் தேதி குஜராத்திலுள்ள நவசாரி என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பத்தார் வழிவழியாகப் பார்சி மதக் குருமாராய் விளங்கியவர்கள். தந்தையார் நசர்வான்ஜி அக்குலத்தொழிலை விடுத்து வணிகத்திற் புகுந்து பம்பாய் சென்றார். மகனும் பதின்மூன்றாம் வயதில் தந்தையுடன் சேர்ந்து, எல்பின்ஸ்டன் கலாசாலையிற் பயின்று, 1858-ல் கல்வியை முடித்தார். நூல்களிடத்து அன்று அவர் கொண்ட பற்று இறுதிவரை நீங்கவில்லை.

கல்வி முடிந்ததும் தந்தையாரின் வணிகத்திற் கலந்துகொண்டு, 1859-ல் ஹாங்காங் சென்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இந்தியப் பருத்தியின் விலை விண்ணை முட்டியிருந்த காலத்தில், 1864-ல் இலண்டனுக்கு அனுப்பப்பெற்றார். மறு ஆண்டு போர் முடிந்தது. பருத்தியின் விலை சரிந்தது. பம்பாயிற் பெரும் வணிகர் பலர் ஒரே நாளில் வறியராயினர். இலண்டனிலிருந்த இளைஞரின் கையிலிருந்த உண்டியல்கள் வெறுங் காகிதங்களாயின. அவர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தோரை நேரிற் கண்டு உண்மை நிலையை எடுத்துரைத்தார். அவரது நேர்மையைக் கண்ட அவர்கள் கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்புவித்தனர்.

நூற்பாலை கண்டது

1868-ல் இருபத்தோராயிரம் ரூபாய் முதலுடன் டாட்டா தமக்கெனத் தனி வணிகம் தொடங்கினார். பின்னர் இங்கிலாந்திலுள்ள இலங்காஷயர் சென்று நூற்பாலைகளின் இயல்பை நுணுகிக் கற்றார். பம்பாயிலேயே ஆலை நிறுவுவது அக்கால வழக்கம். அவரோ பருத்தி விளையும் நிலத்திற்கும் நிலக்கரி கிடைக்கும் இடத்திற்கும் அருகிலிருந்த நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். சதுப்பு நிலத்தை மண்ணிட்டுத் தூர்க்கின்ற இவருக்குக் கடன் கொடுப்பது பொன்னைப் புதைப்பதாகும் என்று அவ்வூர் வட்டிக்கடைக்காரர் ஒருவர் மறுத்தாராம். பிற்காலத்தில் அவரே, டாட்டா இட்டது மண், எடுத்தது பொன் என்று ஒப்புக்கொண்டதாகக் கூறுவர். எம்பிரெஸ் ஆலை 1877-ம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதி திறக்கப்பெற்றது.

அவ்வாலையில் டாட்டா செய்த காரியம் ஒன்று நம் கருத்திற்குரியது. வளையக் கதிர் என்னும் புதிய நூற்புக் கருவி அப்போது இங்கிலாந்திலேயே ஐயத்துடன் நோக்கப்பட்டது. அவர் அதனை வரவழைத்து, சோதித்து, பயன் கண்டபின் ஏராளமாக நிறுவினார். தொழிலாளர்க்குச் சேமநிதி, விபத்திற்கு ஈட்டுப்பணம் ஆகியவற்றையும் சட்டம் கேளாத காலத்திலேயே ஏற்படுத்தினார். ஊகத்தை விடுத்துச் சோதனையை நம்புவது ஆராய்ச்சியாளர் இயல்பு. அவ்வியல்பு இவ்வணிகரிடத்தும் அமைந்திருந்தது.

எஃகின் வேட்கை

எஃகு நம் நாட்டிற்குப் புதிதன்று. தென்னாட்டு மூசைகளில் உருக்கிய எஃகு வூட்ஸ் என்னும் பெயரால் உலகெங்கும் புகழ்பெற்றது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கட்டிகள் இலண்டன் சென்றபோது, அதனைச் சோதனைசெய்தவர் வேறு யாருமல்லர், மைக்கேல் பாரடே என்னும் விஞ்ஞானப் பெரியாரே. ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்வோருடன் கூடி எஃகுக் கலவைகளைப்பற்றி அவர் 1820-லும் 1822-லும் கட்டுரைகள் வெளியிட்டார். எஃகு நம்முடையதாயிருந்தது. அதனை ஆராயும் மேசையோ கடலுக்கப்பால் இருந்தது. 1830-ல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உலை நிறுவிச் சேலத்துத் தாதுவை உருக்க முயன்றார். மரக்கரியை நம்பி எழுந்த அம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. தாது மட்டும் இருந்தாற் போதாது, ஏற்ற எரிபொருளும் முதலும் நிறைந்த அறிவும் ஒருங்கே கூடவேண்டும் என்பதற்கு அஃதொரு சான்று.

டாட்டாவுக்கு வயது நாற்பத்து மூன்று நடந்தபோது, 1882-ல், ஜெர்மானிய நிலநூல் வல்லுநர் ஒருவர் சாந்தா ஜில்லாவின் இரும்புத் தாதுவைப்பற்றி எழுதிய அறிக்கை அவர் கண்ணிற் பட்டது. தாது இருந்த இடம் நாகபுரிக்கு வெகு தூரமன்று. உடனே சோதனைகள் செய்வித்தார். அருகிற் கிடைத்த வரோரா நிலக்கரி உலைக்கு ஏற்றதன்று என்று தெரிந்தது. சுரங்க விதிகளும் கடுமையாயிருந்தன. அவர் எண்ணத்தைக் கைவிடவில்லை. பதினேழு ஆண்டுகள் காத்திருந்தார். 1899-ல் விதிகள் தளர்த்தப்பட்டதும் மீண்டும் முனைந்து, இந்தியா மந்திரியை இலண்டனிற் கண்டு அவர் ஆதரவைப் பெற்றார்.

1902-ல், அறுபது வயதைக் கடந்து உடல் தளர்ந்த நிலையில், அமெரிக்கா சென்றார். பிட்ஸ்பர்க், கிளீவ்லண்டு முதலிய நகரங்களின் உலைக்களங்களை நேரிற் பார்த்தார். நியூயார்க்கில் சார்லஸ் பேஜ் பெரின் என்னும் பொறிநூல் வல்லுநரைக் கண்டு, இந்தியாவுக்கு வந்து உலை அமைத்துத் தருமாறு வேண்டினார். பெரினும் இசைந்தார். அவ்வாண்டிலேயே தம் மைந்தர் தோராப்ஜிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இன்னும் இடமே தெரியாத அவ்வுலையைச் சுற்றி எழப்போகும் நகரத்தில் தெருக்கள் அகன்றிருக்கவேண்டும், நிழல் மரங்கள் விரைவில் வளரவேண்டும், விளையாட்டு வெளிகளும் இந்துக்களின் கோயில்களும் முகம்மதியர் மசூதிகளும் கிறிஸ்தவர் ஆலயங்களும் அமைவதற்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்று அதிற் பணித்தார்.

கல்விக்கு வைத்த நிதி

எஃகைத் தேடிய அவ்வாண்டுகளிலேயே டாட்டாவின் மனம் மற்றொன்றையும் நாடியது. 1892-ல், மேற்படிப்பிற்காக வெளிநாடு செல்லும் இந்திய மாணவர்க்கு உதவும் நிதியொன்றை ஏற்படுத்தினார். முதலில் அனுப்பப்பெற்ற இருவரும் மருத்துவம் கற்ற பெண்மணிகள். தொடக்கத்தில் பார்சி வகுப்பார்க்கு மட்டும் உரியதாயிருந்த அந்நிதி, சில ஆண்டுகளில் எல்லா வகுப்பார்க்கும் உரியதாயிற்று.

அந்நிதியின் முறை கருதத்தக்கது. மாணவனுக்குக் கொடுத்த பொருள் கடனாகவே கருதப்பட்டது. படித்து முடித்து நல்ல நிலையடைந்தபின் அவன் அதனைத் திருப்பவேண்டும். திருப்பிய பொருள் அடுத்த மாணவனைச் சேரும். வாங்கியவனுக்குத் தான் பிச்சையேற்றோம் என்ற கூச்சமில்லை. கொடுத்த பொருளும் ஒரு கையிலே தேங்கிப்போகாமல் விதைநெல் போல ஆண்டுதோறும் விளைந்துவருகிறது. அந்நிதியின் துணைகொண்டு இலண்டனில் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்தவரே அணு விஞ்ஞானியாகிய ராஜா ராமண்ணா. இலண்டனிற் பொருளியல் கற்ற கே. ஆர். நாராயணன், 1997-ல் நம் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

ஆயினும், சிலரை வெளிநாட்டிற்கு அனுப்பினால் மட்டும் போதாதென்று டாட்டா உணர்ந்தார். ஆராய்ச்சி இந்நாட்டு மண்ணிலேயே வேரூன்ற வேண்டும். 1898-ல் தம் எண்ணத்தை வெளியிட்டு, பம்பாயிலிருந்த தம் கட்டடங்களும் நிலங்களுமாக 30 லட்சம் ரூபாய் பெறுமான சொத்தை ஓர் ஆராய்ச்சிக் கலாசாலைக்கு அளிக்க முன்வந்தார். அதனால் ஆண்டுதோறும் ஒன்றேகால் லட்சம் ரூபாய் வருமானம் கிடைக்குமென்று மதிப்பிட்டனர். பர்ஜோர்ஜி பாதுஷா என்னும் அறிஞர் வெளிநாடுகளின் கல்விநிலையங்களைச் சுற்றிப்பார்த்துத் திட்டம் வகுத்தார். கலாசாலைக்குத் தம் பெயர் சூட்டலாகாது என்பதில் டாட்டா உறுதியாயிருந்தார்.

அவ்வாண்டின் இறுதி நாளன்று, புதிதாக வந்திறங்கிய இராஜப்பிரதிநிதி கர்சன் பிரபுவிடம் திட்டம் சமர்ப்பிக்கப்பட்டது. கர்சனுக்கு இரண்டு ஐயங்கள் எழுந்தன. இத்தகைய உயர்ந்த ஆராய்ச்சிக்குத் தகுதியுள்ள மாணவர் இந்நாட்டிற் போதியவர் உளரோ என்பது ஒன்று. ஆராய்ச்சி முடித்து வருவோர்க்கு வேலை கிடைக்குமோ என்பது மற்றொன்று. நண்பர்காள், இவ்விரண்டாம் ஐயம் இன்றும் நம் இல்லங்களிற் கேட்கப்படுவதன்றோ? டாட்டா அதற்கு வாதத்தினால் விடை கூறவில்லை. ஒரு கையால் ஆராய்ச்சிக் கலாசாலைக்கும் மறு கையால் எஃகு உலைக்கும் அடிகோலி, கற்றோர்க்கு வேலையும் வேலைக்குக் கற்றோரும் ஒருங்கே கிடைக்க வழிதேடினார்.

1900-ல் இரசாயன நூற் பேரறிஞர் வில்லியம் ராம்சே இந்தியா வந்து, பல நகரங்களைச் சுற்றிப்பார்த்து, பெங்களூரே ஏற்ற இடம் என்று கூறினார். அங்கே மைசூர் சமஸ்தானத்தின் திவானாயிருந்தவர் சேஷாத்திரி ஐயர். பாலக்காட்டிற் பிறந்து சென்னை இராஜதானிக் கலாசாலையிற் கற்ற அவர், இம்முயற்சியின் அருமையை உணர்ந்து துணைநின்றார். சமஸ்தானத்தார் 371 ஏக்கர் நிலத்தையும் பொருளுதவியையும் வழங்கினர். இருந்தும் அரசாங்கத்தின் இசைவு ஆண்டுக்கணக்கில் தாமதித்தது.

மறைவும் பயனும்

1904-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பி. என். போஸ் என்னும் வங்காள நிலநூல் அறிஞர், மயூர்பஞ்சு மலைகளிற் சிறந்த இரும்புத் தாது இருப்பதை அறிவித்து டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். இருபத்திரண்டு ஆண்டுகள் தேடியது ஒரு கடிதத்தின் வடிவில் வந்துசேர்ந்தது. ஆனால் அதன் பயனைக் காண அவர் இருக்கவில்லை. சிகிச்சைக்காக ஐரோப்பா சென்ற டாட்டா, அவ்வாண்டு மே மாதம் 19-ந் தேதி ஜெர்மனியிலுள்ள நௌஹைம் நகரில் உயிர்நீத்தார். அவர் உடல் இங்கிலாந்தில் அடக்கம் செய்யப்பெற்றது. அன்று உலையும் இல்லை. கலாசாலையும் இல்லை. இரண்டும் காகிதத்திலும் மைந்தர் மனத்திலுமே இருந்தன.

மைந்தர் தோராப்ஜியும் ரத்தன்ஜியும் தந்தையின் எண்ணத்தை நிறைவேற்றுவதே கடனெனக் கொண்டனர். எஃகுக் கம்பெனி 1907-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதிவுசெய்யப்பெற்றது. இலண்டன் செல்வர் முதலிடத் தயங்கினமையால் இந்தியரிடமே பங்கு விற்க முடிவுசெய்தனர். மூன்று வாரங்களுக்குள் சுமார் எட்டாயிரம் இந்தியர் பங்கு வாங்கி முதலை நிறைத்தனர். சாக்சி என்னும் சிற்றூரில் உலை எழுந்தது. 1911 டிசம்பரில் இரும்பும், 1912 பிப்ரவரியில் எஃகும் உருகி ஓடின. டாட்டா கம்பெனியார் தண்டவாளம் செய்தால் அத்தனையையும் தாமே உண்டுவிடுவதாக ரயில்வே அதிகாரி ஒருவர் முன்னர் எள்ளி நகையாடியிருந்தாராம். முதல் உலகப் போரில் மெசபொடேமியாவுக்கு மைல் கணக்கிற் சென்ற தண்டவாளங்களே அதற்கு விடையாயின. சாக்சிக்கு 1919-ல் ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வழங்கப்பெற்றது.

பெங்களூர்க் கலாசாலைக்கு 1909-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி அரசாணை பிறந்தது. 1911-ல் முதல் மாணவர் சேர்ந்தனர். டாட்டா தம் பெயர் வேண்டாமென்று கூறியும், ஊரார் அதனை டாட்டா கலாசாலை என்றே வழங்கிவந்தனர். விமானப் பொறியியற் பிரிவு 1942-லும், உலோகவியற் பிரிவு 1945-லும் அங்கே தோன்றின. ஜாம்ஷெட்பூரிலும் 1937-ல் கம்பெனியாரின் ஆராய்ச்சிச்சாலை திறக்கப்பெற்றது. அவ்வூர் எஃகே 1943-ல் திறந்த ஹௌரா பாலத்தின் பெரும்பகுதியாயிற்று. இரண்டாம் உலகப் போரிற் கவச வண்டிகளுக்கான தகடுகளும் அங்கே உருவாயின. தேசிய உலோகவியல் ஆராய்ச்சிச்சாலைக்கு 1946-ல் அங்கே அடிக்கல் நாட்டியவர் நம் இராஜாஜி அவர்கள். 1950-ல் திறக்கப்பெற்ற அதன் கிளையொன்று நம் சென்னைத் தரமணியிலும் உண்டு.

நமக்கு உரிய பாடம்

டாட்டா காலத்தில் ஒரு செல்வர் தம் சொத்திற் பெரும்பகுதியைக் கொடுத்து அமைக்கவேண்டியிருந்த வழி, இன்று பொதுப்பணத்தால் அகலமாக்கப்பட்டுள்ளது. பொறியியலோ பௌதிகமோ இரசாயனமோ கற்றுத் தேறிய மாணவன், உரிய தேர்வுகளில் வெற்றிபெற்று, பெங்களூர்க் கலாசாலையிலோ 1959-ல் கிண்டியில் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலோ உலோகங்களைப்பற்றியும் திடப்பொருள்களின் வலிமையைப்பற்றியும் ஆராயப் புகுந்தால், மாதந்தோறும் உபகாரச் சம்பளம் பெறுகிறான். இளநிலை ஆராய்ச்சியாளர்க்கு மத்திய அரசு வழங்கும் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நம் ஆவடியிலேயே உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையத்திலும் இத்தகைய இடங்கள் அவ்வப்போது விளம்பரப்படுத்தப்படுகின்றன.

எனினும், இவ்வழியிற் செல்வோர் நம்மிடையே சிலரே. காரணம் வெளிப்படை. பட்டம் பெற்ற மகன் அடுத்த மாதமே ஊதியத்துடன் வீடு திரும்பவேண்டுமென்று தந்தை எதிர்பார்க்கிறார். தங்கையின் திருமணமும் வாங்கிய கடனும் அவன் தோள்மேல் இருக்கின்றன. இவற்றை அற்பமென்று கூறுதல் அறமாகாது. டாட்டாவும் அவ்வாறு கருதவில்லை. கருதியிருந்தால், மாணவர் வறுமையைப் பொறுத்துக்கொள்க என்று உபதேசித்துவிட்டு ஒதுங்கியிருப்பார். அறிவை நாடுவோனுக்கும் பசியுண்டு, அவன் குடும்பத்திற்கும் தேவையுண்டு என்பதை உணர்ந்தமையாலன்றோ அவர் நிதி வைத்தார்?

ஆகவே, ஆராய்ச்சி என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதென்ற எண்ணத்தை நம் மாணவர் விட்டொழிப்பாராக. பிரஸ் கூடத்துத் தொழிலாளியின் மகன், தன் தந்தை கைப்பழக்கத்தால் அறிந்த தகட்டின் இயல்பைக் கணக்கினால் நிறுவி டாக்டர் பட்டம் பெறுவதற்கு இன்று தடையில்லை. அவன் ஒன்றை மட்டும் மறத்தலாகாது. அவன் கையிற் பெறும் உபகாரச் சம்பளம் முன்னவர் ஈகையிலும் பொதுமக்கள் வரியிலும் விளைந்தது. டாட்டாவின் நிதி தன்னைப் பெற்றவனிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டது. நாட்டின் நிதி அவனிடம் பணத்தைக் கேட்பதில்லை. முறியாத அச்சாணியாகவும், வீணாகாத தகடாகவும், தனக்குப் பின் வரும் மாணவனுக்குக் கற்பிக்கும் கல்வியாகவும் அவன் அக்கடனைத் தீர்ப்பானாக.